பேர் விழுந்துகொண்டே இருந்த ஊர்

சூசை கதவைத் தோளால் முட்டினான். அசையவில்லை. மறுபடி முட்டியபோது கதவின் கீழ் விளிம்பு வழியாகச் சேறு உள்ளே பிதுங்கியது. பின்வாங்கினான்.

“என்ன சத்தம் அது?” என்றாள் வசுமதி. அறையின் மூலையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அதிர்வில் பேட்டரி அடுக்கின் இரும்புச் சட்டம் ஒன்று கழன்று அவள் கணுக்கால்மேல் விழுந்திருந்தது.

“மலை எறங்கிருச்சு மேடம்.”

“கதவு?”

“வெளிய பாத்துத் திறக்கிற கதவு. மண்ணு சாஞ்சு நிக்குது.”

சோலைமட்டத்துக்குக் கீழே, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில், பாதி மண்ணுக்குள் புதைத்துக் கட்டிய கான்கிரீட் அறை அது. சமவெளியிலிருந்து ஏறிவரும் கேபிள் அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு ஊருக்குள் போகும். ஊர் பேசுவது, வாங்குவது, படிப்பது எல்லாம் அந்த ஒரு கேபிளில்தான். அதைப் பார்த்துக்கொள்ள ஊருக்கென்று இருந்த லைன்மேன் சூசை. வசுமதி, சென்னை அளவை வாரியத்தின் ஆய்வாளர். ஊரின் பயன்பாடு நிஜந்தானா என்று அறையில் அதைக் கணக்கெடுக்கும் எண்ணியைத் திறந்து பார்க்க வந்தவள். அவளைக் காலையில் கூட்டி வந்தது சூசைதான்.

சுவர்களில் இரும்புத் தகடு அடித்திருந்தது. உள்ளே போன் எடுக்காது. கேபிள் வரும் குழாய் வழியாகத் தண்ணீர் கசிய ஆரம்பித்திருந்தது. முதலில் ஒரு கோடாக. பிறகு கையகலத்துக்கு.

கதவோரம் பேச்சுப்பெட்டி இருந்தது. பொத்தானை அழுத்தினால் கீழேயிருந்து வாரியத்தின் குரல் பேசும். பெண் குரல். ஆள் கிடையாது, குரல் மட்டும்தான். ஊரில் எல்லாரும் அதை அக்கா என்பார்கள். சூசை பொத்தானை அழுத்தினான்.

“வணக்கம். சொல்லுங்கள்.”

“அக்கா, நான் லைன்மேன் சூசை. கேபிள் அறையில மாட்டிக்கிட்டோம். மண்ணு சரிஞ்சு கதவை அடைச்சிருச்சு. உள்ள தண்ணி வருது. உடனே ஆள் அனுப்புங்க.”

சிறிய இடைவெளி.

“மரியசூசை அவர்கள் இப்போது வீட்டில் இருக்கிறார். தேனீ வளர்ப்புப் பாடத்தின் நான்காம் பகுதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் யார்?”

சூசை பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். திரும்பாமலே, வசுமதி தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

“தேனீயா?” என்றாள்.

“என்னமோ தப்பாச் சொல்லுது மேடம்.”

“உங்க போன் எங்க?”

“வீட்டுல மறந்து வச்சுட்டேன்.”

“மறந்து வச்ச போன் பாடம் படிக்குமா?”

அவன் குனிந்து, மிதந்து வந்த ஒரு சாக்கை எடுத்துக் குழாயின் வாயில் திணித்தான். தண்ணீர் சாக்கைத் துப்பியது.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் முழுக்க வேலை பார்த்தால் கூலிக்கணக்கில் பேர் விழும். பாதி நாள் என்றால் அரைப்பேர். தோட்டம் போட்ட காலத்திலிருந்து அந்த மலையில் இருக்கும் பேச்சு. ஒவ்வொரு ஆளும் நாள்தோறும் நெட்வொர்க்கில் எதையாவது கட்ட வேண்டும், எதையாவது கற்க வேண்டும், யாரிடமாவது எதையாவது கேட்க வேண்டும் என்று வாரியம் விதி வைத்தபோது ஊர் அதற்கும் அதே பேச்சை எடுத்துக்கொண்டது. பேர் விழுந்துச்சா? இன்னிக்கு அரைப்பேர்தான். எல்லாருடைய பேரையும் கூட்டி வகுத்தால் ஊரின் குறியீடு. குறியீடு உயர்ந்த ஊருக்கு முதல் தரம். முதல் தரத்துக்கு அகலமான லைன். லைன் அகலமாக இருந்தால்தான் கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் சோலைமட்டத்து ஆஸ்பத்திரியில் இருக்கும் இயந்திரக் கைகளை அசைத்து ஒரு நெஞ்சைத் திறந்து மூட முடியும்.

திங்கட்கிழமை அப்படித் திறந்து மூட வேண்டியது லூர்துவின் நெஞ்சு. சூசையின் மனைவி. வால்வு ஒன்று சுருங்கிப்போய், வாசலிலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் சுவரைப் பிடித்து நிற்பவள்.

கொழுந்து எடுக்கிறவள் கையில் போன் பிடிக்க முடியாது. கேபிள் குழிக்குள் நிற்கிறவனும் முடியாது. அதற்குத்தான் ராக்கம்மா. பக்கத்து வீட்டுக்காரி. காலையில் முகத்தைக் காட்டித் திறந்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போனால் போன் அந்திவரை திறந்திருக்கும். அவள் வீட்டுப் பாயில் அக்கம்பக்கத்துப் போன்கள் எல்லாம் வரிசையாகக் கிடக்கும். கல்லில் தோசை திருப்புவதுபோல ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டி, இழுத்து, வைப்பாள். யாருக்கு என்ன பாடம் என்பது அவள் இஷ்டம். துக்க வீட்டுக்காரர்கள் போனை அவளே போய் வாங்கி வந்துவிடுவாள். ஊரில் தெரு தெருவுக்கு ஒரு ராக்கம்மா இருந்தாள். இது எல்லாருக்கும் தெரியும். தெரியக் கூடாதது இதோ இந்த மூலையில் உட்கார்ந்திருப்பவளுக்கு மட்டும்தான்.

தண்ணீர் வசுமதியின் இடுப்பைத் தொட்டது. சூசை அவளைத் தூக்கி எதன்மேலாவது உட்கார வைக்க இடம் தேடினான். ஸ்ப்ளைசிங் மெஷின் வைக்கும் தகரப்பெட்டி இருந்தது. அறுந்த கேபிளை ஒட்டும் மெஷின். ஊரில் அது ஒன்றுதான். பெட்டியைச் சுவரோரம் நகர்த்தி அவளை அதன்மேல் உட்கார வைத்தான்.

“என் பேரைச் சொல்லுங்க,” என்றாள். “வாரியத்து ஆள்னு சொன்னா அனுப்புவாங்க.”

அவன் பொத்தானை அழுத்திச் சொன்னான்.

“வசுமதி அவர்கள் சென்னை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் பணியில் இருக்கிறார்,” என்றது அக்கா. “சற்று முன்பு ஒரு கூட்டத்தில் கலந்துகொண்டார்.”

சூசை மெல்லத் திரும்பினான்.

வசுமதி தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சுகிர்தா,” என்றாள். “பக்கத்து சீட்டு. வெளியூர் போனா என் கார்டை அவகிட்டக் குடுத்துட்டு வருவேன். அவ போனா என்கிட்ட.”

“நீங்களுமா மேடம்?”

“எங்க மாடிக்கும் குறியீடு உண்டு. சீட்டுல ஆள் இல்லேன்னா மாடிக்குக் கொறையும். மாடிக்குக் கொறைஞ்சா கீழ் மாடிக்காரன் சிரிப்பான்.”

“ஊர் ஊராப் போயி ஆய்வு பண்றதுதானே உங்க வேலை?”

“ஆமா. ஆனா அது எதுலயும் ஏறாது. சீட்டுதான் ஏறும்.”

சூசைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. வசுமதியும் சிரித்தாள். கால் வலித்து நிறுத்தினாள்.

“இப்ப நீங்க சொல்லுங்க. போன் யார்கிட்ட?”

“ராக்கம்மாகிட்ட.”

“எத்தனை பேரோட போன்?”

“எல்லாரோடதும்தான் மேடம். ஒரு ராக்கம்மா இல்ல.”

அவள் தலையைச் சுவரில் சாய்த்தாள். “தெரியும்,” என்றாள். “இந்த ஊர்ல தேனீ வளர்க்கப் படிச்சவங்க மட்டும் நூத்துக்கணக்குல இருக்காங்க. ஒரு கூடு கிடையாது. அதைப் பாத்துட்டுத்தான் வந்தேன்.”

“எழுதிருவீங்களா?”

“எழுதணும்னா வெளிய போகணும்ல.”

“திங்கக்கிழமை என் பொஞ்சாதிக்கு ஆபரேஷன் மேடம். தரம் எறங்குச்சுன்னா லைனைச் சுருக்கிருவாங்க. கீழ கொண்டு போகலாம்னா வண்டி ஆட்டமே அவளுக்கு ஆகாது. போன மாசம் பாதி மலை எறங்குறதுக்குள்ள நீலம் பாரிச்சுருச்சு. திரும்பக் கொண்டாந்துட்டோம்.”

வசுமதி அவனைப் பார்த்தாள். “நான் எழுத மாட்டேன். ஆனா நீங்க சொல்லணும். அந்தப் போன் உங்ககிட்ட இல்லைன்னு அதுகிட்டச் சொன்னாத்தான் நாம இங்க இருக்கிறது அதுக்குத் தெரியும்.”

தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. ஜில்லென்று இருந்தது. பொத்தானின்மேல் விரலை வைத்துக்கொண்டு சூசை நின்றான். அழுத்தினால் ஊர் போகும். ஊர் போனால் லைன் போகும். அழுத்தாவிட்டால் லூர்து போன் செய்து பார்ப்பாள், பாயில் கிடக்கும் போனை ராக்கம்மா எடுப்பாள், “வந்துருவாரு, நீ படு” என்பாள்.

அழுத்தினான்.

“அக்கா, என் போன் என்கிட்ட இல்ல. பக்கத்து வீட்டுல இருக்கு. தேனீ பாடம் பாக்குறது அவங்க. ஊர்ல முக்காவாசிப் பேர் இப்படித்தான் செய்றாங்க. நான்தான் சூசை. நான் இங்க இருக்கேன்.”

“நீங்கள் சொல்வது ஒரு புகார். புகாரைப் பதிவு செய்ய உங்கள் போனிலிருந்து வரவும்.”

“போன்தான் இல்லைங்கிறேன்ல!”

“புரிகிறது. அப்படியானால் மரியசூசை அவர்களின் போனிலிருந்து வரவும்.”

“மனுசங்க யாராச்சும் இருந்தா குடு.”

“முதல் தர ஊர்களுக்கு மனித உதவி தேவைப்படுவதில்லை. வாழ்த்துகள்.”

சூசை பேச்சுப்பெட்டியை ஓங்கிக் குத்தினான். கை எலும்பில் வலித்தது.

“ஒரு ஆள் பேசாம இருந்தா அதுக்குத் தெரியுமா தெரியாதா?” என்றான் வசுமதியிடம்.

“தெரியும். அரை நாள் ஒரு பேர் விழலேன்னா, என்ன ஏதுன்னு பாக்க ஆள் வரும். அதுக்கும் சேத்துத்தான் இதை வச்சோம். தனியா இருக்கிறவங்க விழுந்து கிடந்தா யாராவது போய்ப் பாக்கணும்னு.” நிறுத்தினாள். “நல்ல எண்ணத்துலதான் வச்சோம்.”

“ராக்கம்மாவும் நல்ல எண்ணத்துலதான் தட்டிக்கிட்டு இருக்கா.”

அவன் அறையின் மறுபக்கச் சுவருக்கு நடந்தான். தண்ணீர் தொடையில் இழுத்தது. சுவரில் இரண்டு கேபிள்கள். ஒன்று கீழேயிருந்து வருவது. இன்னொன்று மேலே ஊருக்குப் போவது. மேலே போவதைக் கையால் பிடித்தான். பெருவிரல் தடிமன். அதற்குள்ளே ஊர் ஓடிக்கொண்டிருந்தது.

“இதை வெட்டுனா?”

வசுமதி நிமிர்ந்தாள்.

“ஒருத்தன் பேர் விழலேன்னா ஆள் வரும்னீங்க. ஊருக்கே பேர் விழலேன்னா?”

“வரணும்,” என்றாள். “கட்டாயம் வரணும்.”

“வெட்டுனா ஒட்டிருவேன். மெஷின் இருக்கு. வெளிய போனதும் அரைப் பொழுதுல ஒட்டிருவேன். திங்கக்கிழமைக்கு நாள் கெடக்கு.”

பேச்சுப்பெட்டிக்குத் திரும்பி வந்து பொத்தானை அழுத்தினான். “அக்கா, சோலைமட்டம் ஆஸ்பத்திரியில இப்ப ஆபரேஷன் ஏதாச்சும் நடக்குதா?”

“இல்லை. அடுத்த அறுவைச் சிகிச்சை திங்கட்கிழமை காலை.”

“அது தெரியும்.”

இடுப்பிலிருந்து வெட்டுக்கத்தரியை எடுத்தான். இத்தனை வருஷமாக நாயும் பன்றியும் கடிக்காமல், வேர் முறிக்காமல், மின்னல் அடிக்காமல் பார்த்துக்கொண்ட கேபிள். கத்தரியை வைத்து அழுத்தினான். சத்தம் கூடப் பெரிதாக இல்லை. முருங்கைக்காயை ஒடித்ததுபோல.

எண்ணியின் பச்சை விளக்குகளில் பாதி அணைந்தன.

இருவரும் காத்திருந்தார்கள். சூசை பொத்தானை அழுத்தினான்.

“அக்கா. சோலைமட்டம் எப்படி இருக்கு?”

“சோலைமட்டத்தில் பயன்பாடு இயல்பாக இருக்கிறது.”

“இயல்பா?”

“இன்று மாலைக்குள் முழுப்பேர் எட்ட வாய்ப்புள்ளது.”

“சூசை என்ன பண்றான்?”

“மரியசூசை அவர்கள் தேனீ வளர்ப்புப் பாடத்தின் ஐந்தாம் பகுதியைத் தொடங்கியிருக்கிறார்.”

அவன் கையிலிருந்த கேபிளின் வெட்டுமுனையைப் பார்த்தான். வசுமதியைப் பார்த்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“மேடம்?”

“நிரப்புது,” என்றாள்.

“எது?”

“மழைக்கு அடிக்கடி லைன் போகும். ஒரு வீட்டுக்கோ, ஒரு தெருவுக்கோ. கணக்குல ஓட்டை விழும். ஓட்டை இருந்தா ஊரை ஊரோட ஒப்பிட முடியாது. அதனால முந்தின வாரம் அதே கிழமை அவங்க என்ன செஞ்சாங்களோ அதை வச்சு அடுத்ததை நிரப்பிக்கும். தெருவுக்குத்தான் நிரப்பும்னு நெனச்சேன். ஊருக்கே நிரப்பும்னு...” அவள் குரல் தேய்ந்தது. “யாரும் ஒரு ஊரை முழுசா வெட்டிப் பாத்ததில்லை.”

“அப்ப நாங்க இல்லாமலே நாங்க இருப்போம்.”

“கொஞ்சம் நல்லாவே இருப்பீங்க. ஓட்டை இல்லாம இருக்கும்ல.”

தண்ணீர் தகரப்பெட்டியின் மூடியைத் தாண்டியது. சூசை வசுமதியைத் தூக்கிப் பேட்டரி அடுக்கின்மேல் ஏற்றினான். தானும் ஒரு காலை வைத்துத் தொற்றிக்கொண்டான். கூரைக்கும் அவர்கள் தலைக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருந்தது. குளிரில் அவள் பல் தந்தியடித்தது. அவன் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். ஈரச் சட்டைதான்.

“பிள்ளைங்க உண்டா?” என்று கேட்டாள்.

“இல்ல மேடம். அவளும் நானும்தான்.”

“என்ன செய்வாங்க அவங்க, இப்ப?”

“திட்டிக்கிட்டிருப்பா. சோத்துக்கு வரலைன்னு.”

முதலில் கேட்டது மண்வெட்டிச் சத்தம் இல்லை. ஒரு பொம்பளைக் குரல். மண்ணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

“யோவ் சூசை! லைன் போயி எம்புட்டு நேரமாச்சு! அங்கன படுத்துத் தூங்குறியா?”

ராக்கம்மா.

“நாட்டுல உள்ளவனுக்கெல்லாம் அரைப்பேரா நிக்குது! உனக்கு அஞ்சாவது பாடம் ஆரம்பிக்கல! வெளிய வாய்யா!”

பிறகு பல குரல்கள். எல்லாம் கோபமான குரல்கள். லைன் போனால் லைன்மேனைத் திட்டத்தான் வேண்டும். ஊர் அவன் வீட்டுக்குப் போயிருக்கிறது. அங்கே லூர்து, “காலையில கேபிள் அறைக்குப் போன மனுசன், சோத்துக்கும் வரல” என்று சொல்லியிருக்கிறாள். ஊர் அப்படியே சண்டை பிடிக்க மலையிறங்கி வந்திருக்கிறது. வளைவு திரும்பியதும் அறை இருந்த இடத்தில் மண்தான் இருந்திருக்கிறது.

சூசை கத்தினான். வசுமதி இரும்புச் சட்டத்தால் சுவரில் அடித்தாள்.

“அய்யோ, உள்ள இருக்கான்டா!” என்றாள் ராக்கம்மா. அதன்பிறகுதான் மண்வெட்டிச் சத்தம்.

அந்திக்குள் கதவைத் திறந்தார்கள். தண்ணீரோடு சேர்ந்து இருவரும் வெளியே வழிந்து விழுந்தார்கள். ராக்கம்மா ஒரு கையில் போன்கள் நிறைந்த கூடையோடு, மறு கையால் அவன் முதுகில் அறைந்தாள். அழுதுகொண்டே அறைந்தாள்.

“உன் பேரை நான் போட்டுக்கிட்டே இருந்துட்டேனே, பாவி! நிறுத்தியிருந்தா அப்பவே வந்திருப்பாங்களேய்யா!”

“நீ நிறுத்தியிருந்தாலும் வந்திருக்க மாட்டாங்க ராக்கு,” என்றான் சூசை.

தண்ணீர் வடிந்ததும் அவன் தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தான். மெஷினின் கண்ணாடிக்குள் சேறு. துடைத்து, காயவைத்து, அடுப்பின் சூட்டில் வைத்துப் பார்த்தான். உயிர் வரவில்லை.

புது மெஷின் கீழேயிருந்துதான் வர வேண்டும். பாதை பல வளைவுகளில் அறுந்து கிடந்தது. இரண்டு இளவட்டங்கள் காட்டு வழியாகச் சமவெளிக்கு இறங்கிப் போய், வாரிய அலுவலகத்தில் கேட்டுத் திரும்பி வந்தார்கள்.

“என்னடா சொன்னாங்க?”

“திரையைப் பாத்தாங்க மாமா. சோலைமட்டத்துல எல்லாம் ஓடுதே, பழுது ஒண்ணும் இல்லையேங்கிறாங்க. பழுதுன்னா ஊர்லேர்ந்து பதிவு பண்ணணுமாம்.”

“லைன் இல்லாம எப்படிடா பதிவு பண்றது?”

“அதைத்தான் நாங்களும் கேட்டோம். லைன் இருக்கேங்கிறாங்க.”

“பாதை?”

“அதுவும் இருக்காம். காலையில பஸ்ஸுல டிக்கெட் போட்டுருக்காம்.”

கேபிள் அறையின் பேச்சுப்பெட்டி மட்டும் உயிரோடு இருந்தது. அது கீழ்ப்பக்கத்து லைன். வசுமதியை நாற்காலியில் தூக்கிப் போய் அதன்முன் வைத்தார்கள். கணுக்காலில் கட்டு. அவள் தன் பதவியைச் சொன்னாள், எண்ணைச் சொன்னாள், கள ஆய்வில் கண்டதைச் சொன்னாள், சோலைமட்டம் துண்டிக்கப்பட்டிருக்கிறது என்றாள்.

“நன்றி. வசுமதி அவர்களின் கள ஆய்வு அறிக்கை நேற்றே வந்துவிட்டது,” என்றது அக்கா. “சோலைமட்டம், மிக நன்று.”

“சுகிர்தாவா?” என்றான் சூசை.

“இல்ல. அறிக்கையெல்லாம் அவ எழுத மாட்டா.” வசுமதி பேச்சுப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “போன காலாண்டுல நான் எழுதினதை எடுத்துப் போட்டிருக்கும்.”

திங்கட்கிழமை லூர்து காலையிலேயே குளித்து, ஆபரேஷனுக்கென்று வாங்கி வைத்திருந்த புதுச் சேலையைக் கட்டிக்கொண்டாள்.

“எங்க கிளம்புற?” என்றான் சூசை.

“உங்க அக்காகிட்ட. நான் நேர்ல கேக்குறேன். என் நெஞ்சு, நான் கேக்குறேன்.”

“நடக்க முடியாது உன்னால.”

“நடக்க முடிஞ்சா ஏன் கேக்கப் போறேன்?”

நாற்காலியில் மூங்கிலைக் கட்டி நான்கு பேர் தூக்கினார்கள். வசுமதி கம்பை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்தாள். கேபிள் அறைக்குள் இன்னும் சேற்று வாடை அடித்தது. லூர்துவைப் பேச்சுப்பெட்டிக்கு எதிரே இறக்கினார்கள். இறக்கியதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. உதட்டோரம் நீலம். அது அடங்கும்வரை எல்லாரும் சும்மா நின்றார்கள். பிறகு அவளே பொத்தானை அழுத்தினாள்.

“அக்கா, நான் லூர்துமேரி. சூசை வீட்டுக்காரி. இன்னிக்கு எனக்கு ஆபரேஷன்.”

“வணக்கம். லூர்துமேரி அவர்களின் அறுவைச் சிகிச்சை சற்று முன்பு நல்லபடியாக முடிந்தது.”

லூர்து மறு கையால் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள்.

“நோயாளி கண் விழித்துவிட்டார். இதயத் துடிப்பு சீராக இருக்கிறது. அவருடன் பேச விரும்பினால் மாலை நேரத்தில் அழைக்கவும்.”

சூசை சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். “டாக்டர்?” என்றான் வசுமதியிடம். “டாக்டருக்குத் தெரியாதா, செஞ்சாரா செய்யலையான்னு?”

“லைன் வரலேன்னு கொஞ்ச நேரம் உக்காந்திருப்பார். அடுத்த ஊர் நோயாளியைக் கூப்பிட்டிருப்பார். விட்டுப்போனதை அது நிரப்பிக்கிச்சு.”

“நம்ம ஆஸ்பத்திரியில போன திங்கக்கிழமை யாருக்கு செஞ்சாங்க?” என்று திரும்பிக் கேட்டான் சூசை.

“மேல் தோட்டத்து மாரிமுத்துவுக்கு,” என்றான் தூக்கி வந்தவர்களில் ஒருவன். “நல்லா இருக்கான். அவனும் வர்றேன்னான், நாந்தான் வேணாம்னேன்.”

லூர்து விரலை எடுக்கவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

“அப்ப நான் கோயம்புத்தூருக்கே வந்துர்றேன். அங்க செய்வீங்களா?”

“லூர்துமேரி அவர்களுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. மீண்டும் தேவைப்படாது. உங்கள் அனுபவம் எப்படி இருந்தது? ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்ணைச் சொல்லவும்.”

லூர்து வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. மூச்சுத்தான் வந்தது.

அக்கா காத்திருந்தது.

“நன்றி,” என்றது. “ஐந்து.”

முதலில் சிரித்தது லூர்துதான். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. சிரிப்பு இருமலாகி, இருமல் நின்று, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தூக்குங்கடா,” என்றாள்.

“எங்க? மேலயா?” என்றான் தூக்கி வந்தவன்.

“கீழ.”

“சேத்துக்க மாட்டேங்கிறாங்களே,” என்றான் சூசை.

“இந்தப் பெட்டி மாட்டேங்குது. அங்க போயி வாசல்ல உக்காந்து இப்படி மூச்சு வாங்குனா, பாக்குறவன் ஒருத்தனுமா இருக்க மாட்டான்?”

“வழியில உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “ஆச்சுன்னா யாருக்குத் தெரியப் போகுது? நல்லா இருக்கேன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கும். உங்களுக்குத்தான் தெரியும். அதனால நீங்களும் கூட வாங்க.”

அவன் முன்பக்கத்து மூங்கிலைத் தோளில் ஏந்தினான். வெளியே மழை விட்டிருந்தது. பாதை தொடங்கிய இடத்திலேயே அறுந்து, செம்மண்ணாகக் கீழே சரிந்து கிடந்தது. காட்டு வழியில் ஒரு காலை வைத்துப் பார்த்தான். வழுக்கியது. அடுத்த காலை வைத்தான்.

பின்னால், திறந்து கிடந்த அறைக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை. நாள்தோறும் அந்த நேரத்துக்குச் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

“சோலைமட்டம். முழுப்பேர்.”